மயில்கழுத்து மெஷின்

புருஷனை விட்டு வருகிற பெண்கள் பெட்டியோடு வருவார்கள், பிள்ளையோடு வருவார்கள், சிலர் கட்டின துணியோடு வருவார்கள். என் நாத்தனார் ஒரு குளிர்பான மெஷினோடு வந்தாள். காசு போட்டுப் பொத்தானை அமுக்கினால் கீழே பாட்டில் வந்து விழுமே, அந்த மெஷின். ஆள் உயரத்துக்கும் மேல், பீரோவைவிட அகலம். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். வந்த அன்று அதன் நிறத்துக்குப் பெயர் சொல்ல எனக்குத் தெரியவில்லை. லாரி வாசலில் நின்றபோது நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ஏதோ பழைய பீரோ வாங்கியிருக்கிறார்கள், இவர்களுக்கு வேறு வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணி, கார் ஷெட்டைக் கொஞ்சம் திறந்து விடுங்க," என்று கீழேயிருந்து குரல் வந்தது.

அன்றைக்குத் தெருவுக்குப் போன எங்கள் கார் அதற்குப் பிறகு வெகு நாள் உள்ளே வரவில்லை.

இவளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்து மூன்று வயது, தலையில் பாதி நரை, முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிற பாப்பா. என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டதால் அண்ணன்தான் தலை சீவிவிட்டு, சோறு ஊட்டி வளர்த்தார். வளர்த்த கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிள்ளை வளர்ந்துவிட்டது என்று அதற்குக் கடைசிவரை தெரியாது. எந்தப் படிப்பு, எந்த வேலை, எந்த மாப்பிள்ளை, எல்லாவற்றையும் அவரே முடிவு செய்தார். ஏதாவது கேட்டால், "பாப்பாவுக்கு என்ன தெரியும்?" என்பார்.

எனக்கும் அவளைப் பெரிதாகப் பிடிக்காது. சண்டையெல்லாம் இல்லை. வருவாள், சோபா ஓரத்தில் பாதி உட்காருவாள், எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம் அண்ணி" என்பாள். காபியா டீயா என்றாலும் உங்க இஷ்டம். இருக்கியா கிளம்புறியா என்றாலும் உங்க இஷ்டம். இப்படி ஒருத்தியோடு பத்து நிமிடம் பேசினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிவிடும்.

அவள் புருஷனை நாங்கள் மாப்பிள்ளை என்போம். ஒரு மருந்து ஆலையில் தரம் பார்க்கும் அதிகாரி. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். சொந்தத்தில் யார் வீட்டில் சண்டை வந்தாலும், அவரைப் பார், எப்படிப்பட்ட மனுஷன் என்று எடுத்துக்காட்டுவதற்கு வசதியான ஆள். அவரை விட்டுவிட்டு இவள் வந்து நிற்கிறாள் என்றால் என் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கும்? சாயங்காலம் தங்கையை முன்னால் உட்கார வைத்து விசாரணையை ஆரம்பித்தார்.

"அடிச்சானா?"

"இல்லண்ணா."

"குடிச்சுட்டு வந்தானா?"

"சேச்சே."

"வேற எவளாவது...?"

"அதெல்லாம் இல்லண்ணா."

"பின்ன என்னதான் பண்ணித் தொலைச்சான்?"

பாப்பா தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் மடிச்ச துணியை அவர் திரும்ப மடிப்பாரு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நான் கழுவின தட்டைத் திரும்பக் கழுவுவாரு. நான் பூட்டின கதவைத் திறந்து திரும்பப் பூட்டுவாரு. நான் ஒருத்தர்கிட்ட போன்ல பேசி வெச்சா, அவங்களுக்கே திரும்பப் போன் போட்டு, அவ சொன்னது புரிஞ்சுதான்னு கேப்பாரு. கோவமே பட மாட்டாரு. சிரிச்சுக்கிட்டே செய்வாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் செஞ்ச ஒண்ணும் ஒரு தடவையோட முடிஞ்சதில்லண்ணா."

"இதுக்கா?"

"இதுக்குத்தான்."

"துணி மடிச்சதுக்குப் பிரிஞ்சு வந்துட்டாள்னு வெளிய சொன்னா வாயால சிரிக்க மாட்டாங்க," என்று எழுந்து போய்விட்டார் என் வீட்டுக்காரர். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். குழம்பைக் கிண்டும்போது, இந்தக் கரண்டியை நான் கீழே வைத்ததும் பின்னாலேயே ஒருத்தர் வந்து சிரித்த முகத்தோடு திரும்பக் கிண்டினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு வாரம் தாங்கியிருப்பேன். எட்டாம் நாள் அந்தக் கரண்டியாலேயே ஒரு போடு போட்டிருப்பேன்.

மெஷின் கதை வேறு. பாப்பா ஒரு ஸ்கேட்டிங் ஹாலில் வேலை பார்த்தாள். சக்கரம் வைத்த காலணியை அளவு பார்த்து எடுத்துக் கொடுக்கிற கவுண்டர். ஹாலை மூடும்போது முதலாளி, வேண்டியதை எடுத்துக்கொண்டு போங்கள், மிச்சம் குப்பைக்குப் போகிறது என்று சொல்லிவிட்டார். ஒருவர் பெஞ்சை எடுத்தார், ஒருவர் ஒலிபெருக்கியை எடுத்தார். எதிலும் உங்க இஷ்டம் என்கிற இவள் நேராகப் போய் அந்த மெஷின்மேல் கையை வைத்து, "இது எனக்கு" என்றாளாம். மாப்பிள்ளை, அது வீட்டுக்குள் வரக் கூடாது என்றார். இவள், அப்படியானால் நானும் வரவில்லை என்று லாரி ஏறிவிட்டாள். துணி மடித்தது எல்லாம் அதற்கு முன்னால் சேர்ந்திருந்த விறகு.

தெரு முனையில் காசு போட்டுத் துவைக்கிற லாண்டரி ஒன்று இருக்கிறது. அப்போது அதைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. நடத்துகிற அம்மா பெரிய கறார். பாப்பா போய் அவரோடு பேசிவிட்டு வந்தாள். துணி சுற்றி முடிகிறவரை ஜனங்கள் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், குடிக்க ஒன்றும் இல்லை, ஒரு மூலை கொடுத்தால் என் மெஷினை நிறுத்துகிறேன் என்று கேட்டிருக்கிறாள். லாண்டரி அம்மா வந்து பார்த்தார். மூக்கைச் சுளித்தார்.

"நான் அழுக்கு எடுக்கிற கடை வெச்சிருக்கேன். வாசல்லயே இப்படி ஒரு அழுக்கை நிறுத்த முடியுமா? கடை திறக்கிறதுக்கு முன்னால பளபளன்னு கொண்டு வந்தா மூலை உனக்கு. இல்லன்னா ஒரு கம்பெனிக்காரன் புது மெஷினோட காத்துக்கிட்டிருக்கான்."

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் திறந்து பார்த்து, உள்ளே எல்லாம் ஓடுகிறது, நன்றாகவே குளிர்கிறது என்றார். ஆக, வெளித்தோற்றம் மட்டும்தான் பாக்கி. என் வீட்டுக்காரரும் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

"அந்தம்மா ஒத்துக்கிட்டா, நீ சொந்தக் கால்ல நிப்பேன்னு நம்பறேன். மாடி ரூமை எடுத்துக்க, எத்தனை நாள் வேணும்னாலும் இரு. ஒத்துக்கலைன்னா, பேசாம மாப்பிள்ளைகூடக் கிளம்பு. ஷெட்ல ஒரு இரும்பை வெச்சுக்கிட்டு யானையைக் கட்டித் தீனி போடற மாதிரி உக்காந்திருக்க முடியாது."

"சரிண்ணா," என்றாள் பாப்பா. அதில் உங்க இஷ்டம் இல்லை என்பதை நான் கவனித்தேன்.

மறுநாளே வேலை ஆரம்பமாகிவிட்டது. முதலில் சோப்புத் தண்ணீர். பிறகு மெஷின்மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கள். என் தலைமுடி உலர்த்துகிற டிரையரைக் கேட்காமலே எடுத்து, சூடு காட்டிக் காட்டி உரித்தாள். பாட்டில் வந்து விழுகிற தட்டுக்கு அடியில் எத்தனையோ வருடத்துப் பிள்ளைகள் மென்று ஒட்டிய சூயிங்கம் கல்லாகியிருந்தது. அதைத் தோசைத் திருப்பியால் சுரண்டினாள். அதுவும் என்னுடையதுதான். கீழ்ப்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தபோது பெயிண்டோடு தகரமும் உதிர்ந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, அடிப்பாகம் முழுக்கத் துரு. கம்பி பிரஷ்ஷால் அதைத் தேய்த்தெடுத்து, ஓட்டையை அடைத்து, பட்டி பார்த்து, மறுபடி தேய்த்தாள். ஷெட்டிலிருந்து வந்த தூள் என் அடுப்படி வரைக்கும் பறந்தது. நான் திட்டினேன். அவள் ஈரத்துணியை எடுத்து வந்து துடைத்துக் கொடுத்துவிட்டு மறுபடி போய்த் தேய்த்தாள். இரண்டாம் முறை திட்டப் போனவள், எப்படியோ கையில் ஒரு உப்புத்தாளோடு மெஷினின் இன்னொரு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பெயிண்ட் கடைக்கு இரண்டு பேருமாகப் போனோம். கடைக்காரர் எப்போதும் ஒரு தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டே வியாபாரம் பார்க்கிறவர். பாப்பா பர்ஸிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்துக் காட்டினாள். மயில்கழுத்து நிறம். இப்படிப் பார்த்தால் நீலம், அப்படிப் பார்த்தால் பச்சை.

"நீலம் இருக்கு, பச்சை இருக்கு," என்றார் கடைக்காரர். "கழுத்து, காலு எல்லாம் கம்பெனிக்காரன் போடறதில்லம்மா."

பாப்பா நகரவில்லை. "அந்த மேல் தட்டுல, ஓரத்து ஸ்ப்ரே டப்பாவை எடுங்க."

முனகிக்கொண்டே ஏணி போட்டு எடுத்தார்.

"இது இல்ல. பக்கத்துல இருக்கறது."

மறுபடி ஏறினார்.

"அதுக்கும் பக்கத்துல."

மூன்றாம் தடவை ஏறி இறங்கியபோது கையில் இருந்தது அச்சு அசல் மயில்கழுத்து. காபியா டீயா என்று சொல்லத் தெரியாதவள் ஒரு ஆம்பிளையை மூன்று தடவை ஏணியில் ஏற்றி இறக்கிவிட்டாள்.

"டப்பாவை நல்லாக் குலுக்குங்க, உள்ள கோலி உருள்ற சத்தம் கேக்கணும்," என்று கடைக்காரர் மளமளவென்று ஒப்பித்தார். "ஒரு சாணுக்கு மேல, ஒரு முழத்துக்குக் கீழ தள்ளிப் பிடிச்சு அடிங்க. கையை ஓட்டிக்கிட்டே இருக்கணும், நின்னா வழிஞ்சிடும். மெல்லிசா அடிங்க. ரெண்டாவது கோட்டை ஒரு மணிக்குள்ள அடிச்சிடுங்க. விட்டுட்டா அப்புறம் ரெண்டு நாளைக்குக் கிட்டயே போகாதீங்க." அதற்குள் போனில் யாரோ கத்த, அவர் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

"அது என்ன ஒரு மணிக்குள்ள?" என்று வரும் வழியில் கேட்டேன்.

"அதுக்கு மேல வெயில் ஏறிடும்ல அண்ணி. தகரம் சுட்டா பெயிண்ட் பிடிக்காது போல," என்றாள் பாப்பா. கேட்கவே எவ்வளவு நியாயமாக இருந்தது! டப்பாவின் முதுகில் எறும்பு சைஸில் ஏதோ அச்சடித்திருந்தார்கள். அதைப் படிக்க இரண்டு பேர் கண்ணாடியிலும் சக்தி இல்லை.

அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து, அது காய்ந்ததும், சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் கோட் ஆரம்பித்தோம். தூசி எழும்பாமல் இருக்க ஷெட் தரையில் தண்ணீர் தெளித்தோம். காசு போடுகிற இடத்துக்கும் கண்ணாடிக்கும் டேப் ஒட்டிப் பேப்பர் சுற்றினோம். பாப்பா முகத்தில் மாஸ்க்கைக் கட்டி, டப்பாவைக் குலுக்கி, முதலில் ஒரு அட்டைப் பெட்டியில் அடித்துப் பார்த்தாள். பிறகு மெஷினின் இடது ஓரத்தில் ஆரம்பித்து வலது ஓரம் தாண்டும்வரை ஒரே ஓட்டமாகக் கையை ஓட்டினாள். அமுக்கி அமுக்கி விரல் மரத்துப்போனால் அடுத்த விரல். காலைப் பலகாரத்துக்குள் மெஷின் முழுக்க மெல்லிசாக ஒரு நிறம் வந்துவிட்டது. இரண்டு பேரும் பெருமையாகச் சாப்பிட்டோம், குளித்தோம், கதை பேசினோம். ஒரு மணிக்குத்தான் இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறதே! பன்னிரண்டு மணிக்கே இறங்கி இரண்டாவது கோட்டை அடித்தாள்.

அடித்த மாத்திரத்தில் கண்ணைப் பறித்தது. அண்ணி, பாருங்க, பாருங்க என்று பாப்பா மாஸ்க்குக்குள்ளேயே சிரித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தபோது மேல் மூலையில் ஒரு ஓரம் சிலிர்த்தது. காய்ச்சின பாலின் மேல் ஆடையை ஊதினால் சுருங்குமே, அந்த மாதிரி பெயிண்ட் சுருங்கத் தொடங்கியது. மூலையிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து கீழுக்கு. தடுக்க ஒரு வழியும் இல்லை. கை வைத்தால் கையோடு வரும். நாங்கள் இரண்டு பேரும் நின்று அது கெட்டுப்போவதை முழுக்கப் பார்த்தோம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அந்த வயிற்றெரிச்சல் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் வந்தார். பார்த்தார். ஆச்சரியமாக, திட்டவில்லை. "சரி விடு," என்று போனை எடுத்தார். "எனக்குத் தெரிஞ்ச பெயிண்டர் ஒருத்தன் இருக்கான். சுரண்டிட்டு ஒரே நாள்ல அடிச்சுக் குடுத்துடுவான்."

"வேண்டாம்ணா."

"ஏன்?"

"நான் செஞ்சதை நான்தான் திரும்பச் செய்வேன். வேற யாரும் தொட வேண்டாம்."

"திமிரு பிடிச்சவளே, உனக்கு நல்லது பண்ணலாம்னு வந்தா..." என்று அவர் குரல் ஏறியது. "உன்னால முடியாது, நீயே பாத்துட்ட. நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையை வரச் சொல்றேன். அந்தம்மா கடை அதுக்கு மறுநாள் திங்கக்கிழமை திறக்குது. அதுக்குள்ள நீ எதைக் கிழிக்கிறேன்னு நானும் பாக்கறேன்." அப்போதே, எங்கள் கண்ணெதிரிலேயே, மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

பாப்பா அழவில்லை. நான்தான் அழுதேன், அதுவும் கோபத்தில். அழுகையோடு செருப்பை மாட்டிக்கொண்டு அவளையும் இழுத்துக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனேன்.

"என்ன பெயிண்ட் குடுத்தீங்க? மொத்தமும் சுருங்கிப் போச்சு!"

"ரெண்டாவது கோட்டை எப்ப அடிச்சீங்க?"

"நீங்க சொன்ன மாதிரி ஒரு மணிக்குள்ளதான்."

"முதல் கோட்டு?"

"காலைல எட்டு மணிக்கு."

கடைக்காரர் தோளிலிருந்து போனைக் கையில் எடுத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. "அப்புறம் எப்படிம்மா ஒரு மணிக்குள்ள ஆகும்?"

"பன்னெண்டுக்கெல்லாம் அடிச்சாச்சே! ஒரு மணி ஆகவே இல்லையே!"

"ஒரு மணிக்குள்ளன்னா ஒரு மணி நேரத்துக்குள்ளம்மா!"

"அதை நேரம்னு சொல்றதுக்கு என்ன? வாய்ல கொழுக்கட்டையா இருந்துச்சு? ஒரு மணிக்குள்ள வீட்டுக்கு வந்துடுன்னு உங்க சம்சாரம் சொன்னா எதை நினைச்சுக்கிட்டு வருவீங்க?"

"நான் எப்பவும் இப்படித்தான் சொல்றேன்..."

"எத்தனை வீட்ல பெயிண்ட் சுருங்குச்சோ!"

கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். கடைக்காரரும் கடைசியில் சிரித்துவிட்டார். பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. சண்டை முடிகிறவரை காத்திருந்து, "இப்ப என்ன செய்யணும்? ஒண்ணு விடாம மெதுவாச் சொல்லுங்க," என்றாள். அவரும் இந்தத் தடவை ஸ்டூல் போட்டு உட்கார வைத்துச் சொன்னார். முதலில் நன்றாகக் காயவிட வேண்டும், பச்சையாக இருக்கும்போது தேய்த்தால் சேறு மாதிரி அப்பிக்கொள்ளும். காய்ந்த பிறகு சுருக்கம் முழுக்கத் தேய்த்து மட்டமாக்கி, மறுபடி பிரைமர், அதற்கு மேல்தான் நிறம். "ஆக்கப் பொறுத்தவங்க ஆறப் பொறுக்கணும்மா," என்றார். தப்பு தன் மேலும் பாதி இருப்பது உறைத்ததோ என்னவோ, தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற வாட்டர் பேப்பர் ஒரு கட்டு சும்மாவே கொடுத்தார்.

காய்கிறவரை சும்மா இருப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஷெட்டுக்குப் போவாள், நகத்தால் ஒரு ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பாள், திரும்பி வருவாள். காய்ந்ததும் தேய்க்க உட்கார்ந்தவள்தான். தண்ணீர் தொட்டு, தாளைத் தொட்டு, ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம். தோள் வீங்கியது. சோறு பிசைய விரல் மடங்கவில்லை, ஸ்பூனால் சாப்பிட்டாள். லாண்டரி அம்மா நடுவில் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "வந்ததுக்கு இப்ப மோசமால்ல இருக்கு?" என்று தலையில் கை வைத்தார். பாப்பா திரும்பக்கூட இல்லை. "ஞாயித்துக்கிழமை பாருங்க," என்றாள். நானும் தேய்த்தேன். எனக்கு அப்போது லாண்டரியும் தெரியாது, மாப்பிள்ளையும் தெரியாது. இவள் தோற்கக் கூடாது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மறுபடி நிறம். இந்தத் தடவை அடுப்படி அலாரம் ஷெட்டுக்கு வந்தது. முதல் கோட், சற்று இடைவெளி, அலாரம் அடிப்பதற்குள் இரண்டாவது கோட், அதே சூட்டோடு மூன்றாவது. பெயிண்டில் வந்து உட்கார்ந்த ஒரு கொசுவை நான் ஊசி முனையால் எடுத்தேன். பிரசவம் பார்த்த மருத்துவச்சிக்குக்கூட அவ்வளவு பதற்றம் இருந்திருக்காது. நின்று பார்த்தோம். சிலிர்க்கவில்லை. சுருங்கவில்லை. மயில்கழுத்து அப்படியே ஈரத்தில் மின்னியது. எனக்கு மறுபடி அழுகை வந்தது, இந்தத் தடவை கோபம் இல்லை.

இடது பக்கம் கீழே மட்டும் பெயிண்ட் ஒரு இடத்தில் சின்னதாக வழிந்து திரண்டிருந்தது. பயத்தம்பருப்பு அளவுதான் இருக்கும். "காஞ்சதும் தேய்ச்சிடலாமா?" என்றேன்.

குனிந்து பார்த்தாள். "வேண்டாம் அண்ணி. அங்க நான் கொஞ்சம் நின்னுட்டேன். இருக்கட்டும்."

சனிக்கிழமை சாயங்காலம் லாண்டரி அம்மாவை நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் மெஷினைச் சுற்றி வந்தார். எதிரில் நின்று, அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரி செய்துகொண்டார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மூலையில நிறுத்திடு. வராம போனா கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டுடுவேன்," என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த லோடு வண்டிக்காரனும் போனை எடுக்கவில்லை. ஒருவன் எடுத்து, நாளைக்கு வருகிறேன் என்றான். பாப்பா வாசலுக்கும் ஷெட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள். அப்போது ஒரு லோடு வண்டி தானாகவே எங்கள் வாசலில் வந்து நின்றது.

அதிலிருந்து மாப்பிள்ளை இறங்கினார். பெண்டாட்டியின் சாமான்களை ஏற்றிக்கொண்டு போக வண்டியும் இரண்டு ஆட்களுமாக வந்திருந்தார். திட்டம் போடுவதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

"எப்படி இருக்கீங்க மச்சான்?" என்று என் வீட்டுக்காரரிடம் சிரித்துக்கொண்டே ஷெட்டுக்குள் வந்தார். மெஷினைப் பார்த்தார். "பரவாயில்லையே, நல்லாத்தான் பண்ணியிருக்கா," என்றார். அதைப் பாப்பாவிடம் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்தான் சொன்னார். மெதுவாக ஒரு சுற்று வந்தார். இடது பக்கம் வந்ததும் குனிந்தார்.

"இங்க பாருங்க மச்சான், கொஞ்சம் திரண்டிருக்கு." அலமாரியில் கிடந்த உப்புத்தாளை எடுத்து நாலாக மடித்தார். "ரெண்டே நிமிஷம். தேய்ச்சு விட்டு மேல லேசா அடிச்சா தெரியாது."

"கையை எடுங்க," என்றாள் பாப்பா.

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. சத்தமே இல்லை, ஆனால் வண்டிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். மாப்பிள்ளை சிரித்தார். "நல்லதுக்குத்தானே சொல்றேன்," என்று சொல்லிக்கொண்டே மறுபடி குனிந்தார்.

என் வீட்டுக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "மாப்பிள்ளை, அவ வேண்டாங்கறா இல்ல?"

"விடுங்க மச்சான், அவளுக்கு என்ன தெரியும்?"

இத்தனை வருடம் எங்கள் வீட்டில் புழங்கிய வார்த்தைதான் அது. அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோது என் வீட்டுக்காரரின் முகம் கறுத்துவிட்டது. தங்கையைப் பார்த்தார். அவள் விரல் இடுக்கில் பெயிண்ட், தோளில் பற்றுப் போட்ட துணி, கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அந்தத் துணி மடித்த கதை அவருக்கு அப்போதுதான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"சார், வெயில் ஏறுது," என்றான் வண்டிக்காரன். "எந்தச் சாமானை ஏத்தணும்?"

"அம்மாவோட சாமானை எல்லாம் எடுத்து ஏத்துப்பா," என்றார் மாப்பிள்ளை.

பாப்பா மெஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "என் சாமான் இதுதான். ஏத்துங்க. நிமித்தியே வெச்சுக் கட்டணும், சாய்க்கக் கூடாது."

வண்டிக்காரன் மாப்பிள்ளையைப் பார்த்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்து, மெஷினின் அடியில் கையைக் கொடுத்தார். "வாங்கப்பா, இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன். பெயிண்ட்ல கை படாம தூக்கணும்."

"மச்சான், அது நான் பேசின வண்டி!"

"ஆமா, நீங்க பேசின வண்டிதான்," என்றேன் நான். இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்ததே பெரிது. "அம்மா சாமானை ஏத்துன்னு சொன்னதும் நீங்கதானே மாப்பிள்ளை?"

மூன்று பேர் சேர்ந்து தூக்கினார்கள். மெஷின் ஷெட்டை விட்டு வெளியே வந்து வெயிலில் நின்றதும் எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இப்படிப் பார்த்தால் நீலம், அப்படிப் பார்த்தால் பச்சை. பாப்பா ஏறி முன் சீட்டில், வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓரத்தில் பாதி உட்காரவில்லை, முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எங்கம்மா இறக்கணும்?" என்று வண்டிக்காரன் கேட்டான்.

"தெரு முனை லாண்டரி. மெதுவாப் போங்க."

என் வீட்டுக்காரர் பின்னால் ஏறி நின்று, மெஷின் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை எங்கள் காலி ஷெட்டின் நடுவில், நாலாக மடித்த உப்புத்தாளோடு நின்றிருந்தார். தேய்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.